இருநூற்று முப்பது மீட்டர் நடந்த கண்மாய்

கொழிஞ்சியேந்தல் கண்மாய்க்குக் கால் முளைத்தது ஓர் ஆவணி மாதம், புதன்கிழமை. முளைத்த கால் சும்மா இருக்குமா? தென்கிழக்கே இருநூற்று முப்பது மீட்டர் நடந்து, பதினாறு அடி உயரக் கரையைத் தாண்டி, பஸ் ரோட்டைக் குறுக்கே கடந்து, டிரான்ஸ்பார்மரைச் சுற்றிக்கொண்டு வந்து, செல்வராணியின் டீக்கடைமேல் உட்கார்ந்துகொண்டது. இத்தனைக்கும் அந்த வருஷம் கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. உள்ளே ஆடு மேய்ந்தது. ஆட்டுக்குப் பக்கத்தில் கிரிக்கெட் நடந்தது. தண்ணீர் இருந்த ஒரே இடம் தாலுகா ஆபீஸ் கம்ப்யூட்டர். அங்கே மட்டும் கரை தளும்ப நீலமாகக் கிடந்தது.

சேதியைக் கொண்டுவந்தவர் தலையாரி முனியசாமி. ஒரு கட்டு நோட்டீசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, டீயைக் குடித்து முடித்த பிறகுதான் நீட்டினார். குடிப்பதற்கு முன் நீட்டினால் டீ கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும்.

"என்னண்ணே இது?"

"நோட்டீசு. ஒன் கட கம்மாய்க்குள்ள நூத்தி நாப்பது மீட்டர் தள்ளி இருக்காம். பதினஞ்சு நாள்ல காலி பண்ணணுமாம். இல்லன்னா ஜேசிபி வருமாம்."

"எந்தக் கம்மாய்?"

"நம்ம கம்மாய்தான்."

"அது எங்க இருக்கு?"

முனியசாமி திரும்பிக் கரையைக் காட்டினார். "அங்கிட்டு."

"நான் எங்க இருக்கேன்?"

"இங்கிட்டு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, கையெழுத்தப் போடு. எனக்கு இன்னும் பதினோரு வீடு கெடக்கு."

செல்வராணி கையெழுத்துப் போட்டாள். அதற்கு மேலே, 'பெற்றுக்கொண்டேன். தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை' என்று எழுதினாள். இரண்டு சென்ட் பட்டா நிலம், பத்தொன்பது வருஷக் கடை. புருஷன் மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறான். இங்கே எல்லாம் இவள்தான். 'முடியாது' என்று யாராவது சொன்னால் அவளுக்குக் காது கேட்காது. 'கட்டாயம்' என்று சொன்னால் காது நன்றாகவே கேட்கும், கால்தான் நகராது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனாள். ஆக்கிரமிப்பு அகற்றும் வேலை துணை தாசில்தார் ரத்தினவேலிடம் இருந்தது. அவர் அசலூர்க்காரர் இல்லை. அதே கண்மாய்க்கு வடமேற்கே, மேட்டுத்தெருவில், போன தை மாதம்தான் மாடி வீடு கட்டிப் பால் காய்ச்சியவர். செல்வராணி அதற்கு இரண்டு டஜன் டம்ளர் கொடுத்து அனுப்பியிருந்தாள். அதில் மூன்று திரும்பி வரவில்லை.

ரத்தினவேல் திரையைத் திருப்பிக் காட்டினார். செயற்கைக்கோள் எடுத்த படத்தில் அவள் கடையின் தகரக் கூரை பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் ஒரு நீலம்.

"பாத்துக்கம்மா. இது கம்மாய். இதுக்குள்ள இருக்குறது ஒன் கட."

"சார், நீங்க தெனம் அந்த ரோட்டுலதான வாரீங்க? ஒரு நாளாச்சும் வேட்டி நனஞ்சுச்சா?"

"நான் பேன்ட் போட்டுல்ல வாரேன்."

"பேன்ட்டு நனஞ்சுச்சா?"

"ஏம்மா, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

"அதுக்குத்தான் வாயே இல்லயே சார். சொல்றது நீங்கதான."

பக்கத்து மேஜையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அவள் மோகனப்ரியா. ஒப்பந்தக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். வருஷத்துக்கு வருஷம் வேலை புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கொழிஞ்சியேந்தலில் பஸ் மாறிப் போகிறவள் என்பதால் சாயங்காலம் செல்வராணி கடையில் ஒரு டீ வாடிக்கை. அன்று சாயங்காலம் அந்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, மேப்பு தப்புக்கா."

"அது ஆட்டுக்கே தெரியும். எப்படித் தப்புன்னு சொல்லு."

மோகனப்ரியா சொன்னாள். கண்மாயின் கரையைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு தனியார் கம்பெனிக்கு வேலை கொடுத்தார்கள். அவர்கள் பழைய சர்வே ஷீட்டைப் படம் பிடித்து, அதன் நான்கு மூலையிலும் அச்சடித்திருந்த எண்களை அப்படியே உள்ளே போட்டார்கள். எண்கள் சரிதான். ஆனால் அந்த ஷீட்டைப் போட்டவர்கள் பூமியை வேறு அளவு உருண்டையாக வைத்துக்கொண்டு, மத்தியப் பிரதேசத்தில் கல்யாண்பூர் என்ற இடத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தவர்கள். அதற்கு எவரெஸ்ட் கணக்கு என்று பெயர். செயற்கைக்கோள் பூமியின் நடுமையத்திலிருந்து எண்ணுகிறது. அந்த உருண்டையின் அளவும் வேறு.

"இந்த எண்ணெல்லாம் எந்தக் கணக்குல எண்ணுனதுன்னு கம்ப்யூட்டர் கேக்கும்க்கா. அதுக்கு டேட்டம்னு பேரு. ஒரு பட்டியல் வரும், அதுல பழைய கணக்கத் தொட்டுட்டு மாத்தச் சொன்னா அதுவே மாத்திரும். கம்பெனிக்காரங்க புதுக் கணக்கத் தொட்டுட்டாங்க. நம்ம பக்கம் அதுக்கு எரநூத்தி முப்பது மீட்டர் வித்தியாசம். எல்லாம் தென்கெழக்க தள்ளிரும்."

செல்வராணி கையைத் துடைத்துக்கொண்டாள். "புதுக்கோட்ட பழைய பஸ் ஸ்டாண்டுலேருந்து பதினாலாவது கிலோமீட்டர்ல என் கட இருக்குன்னு ஒருத்தன் எழுதி வக்கிறான். அதப் படிக்கிறவன் புது பஸ் ஸ்டாண்டுலேருந்து பதினாலு எண்ணிட்டு, கடயக் காணோமேன்னு நிக்கிறான். அதானே?"

"அதேதான்க்கா."

"இத அந்தாளுகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். 'ஒப்புதலான ஃபைலு, கை வைக்காத'ன்னுட்டாரு."

செல்வராணி டம்ளரை வாங்கி, ஆறிப்போன டீயைக் கொட்டிவிட்டு, வேறு டீ ஆற்றிக் கொடுத்தாள். பிறகு, "சரி. அரசாங்கம் சொன்னா கேக்கணும். நான் கம்மாய்க்குள்ளதான் இருக்கேன்" என்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஆலங்குடிக்குப் போய் ஒரு பிளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்தாள். அதில் இப்படி இருந்தது: 'செல்வராணி டீ ஸ்டால். கண்மாய்க்குள் 140 மீட்டர். நீச்சல் தெரிந்தவர்கள் மட்டும் உள்ளே உட்காரவும். மற்றவர்களுக்குப் பார்சல்.'

தினமும் ஒன்பது மணிக்குக் கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் ரிஃபாய் அதைப் படித்துவிட்டு வண்டியை ஸ்டாண்டு போட்டான்.

"என்னக்கா, எங்க ஊருலதான் கடலு. ஒங்க ஊருக்கு எப்ப வந்துச்சு?"

"புதன்கெழம வந்துச்சு. ஒன்கிட்ட பழைய மெதவைச் சட்ட இருக்கா?"

"நாலு கெடக்கு. வள்ளமும் ஒண்ணு கெடக்கு, அடி ஓட்ட."

"ஓட்டயா இருந்தா என்ன, இங்க யாரு முழுகப் போறா? கொண்டாந்து போடு."

மறுநாளே ஒரு மினி லாரியில் வள்ளம் வந்து இறங்கியது. கடைக்கு முன்னால் பெஞ்சுக்குப் பதில் அதைப் போட்டாள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளை ஆணியில் மாட்டினாள். வள்ளத்தில் உட்காருகிறவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டால்தான் டீ. முதலில் சிரித்துக்கொண்டு மாட்டினார்கள். நாலாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. சட்டம் என்றால் சட்டம்தானே. நோட்டீஸ் வாங்கிய மற்ற பதினோரு வீட்டுக்காரர்களும் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டில் நடமாடினார்கள். பெண்கள் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

டவுன் பஸ் கண்டக்டரும் சேர்ந்துகொண்டார். டிரான்ஸ்பார்மர் வந்ததும் நீளமாக ஒரு விசில் அடித்து, "கம்மாய் வருது, மூச்சப் புடிச்சுக்கங்க!" என்பார். பஸ் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பாலம் தாண்டியதும் இரண்டு விசில், எல்லோரும் விடுவார்கள். இப்படிப் பிடித்துப் பிடித்துப் பழகியதில், அந்தத் தடத்தில் தினம் போய்வந்த மோர்க்காரி ஒருத்தி அந்த மாதமே முதியோர் நீச்சலில் மூன்றாம் பரிசு வாங்கினாள். நம்பாதவர்கள் கோப்பையைப் போய்ப் பார்க்கலாம். அரிசி அளக்கக் கிடக்கிறது. ஒரு கொக்குகூட வந்தது. டீக்கடைக் கூரைமேல் ஒற்றைக்காலில் மூன்று நாள் நின்று பார்த்துவிட்டு, கடைசியில் ரிஃபாயின் பெட்டியிலிருந்து ஒரு மத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதுவும் கண்மாய் மீன் கணக்கில்தான் சேரும்.

திங்கட்கிழமை செல்வராணி புதுக்கோட்டைக்குப் போய்க் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தாள். கண்மாய்க்குள் நூற்று நாற்பது மீட்டர் உள்ளே குடியிருக்கும் தனக்கு, ஒன்று, குடிதண்ணீர்க் குழாய் வேண்டும். இரண்டு, வளர்க்க முப்பதாயிரம் மீன்குஞ்சு வேண்டும். ஆதாரமாகத் துணை தாசில்தார் கையெழுத்திட்ட நோட்டீசின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

மனுவுக்கு எண் விழுந்துவிட்டால் பதில் எழுதியாக வேண்டும். இரண்டே நாளில் ஒரு மீன்துறை ஆய்வாளர் அளவுகோலோடு வந்துவிட்டார். வள்ளத்துக்குப் பக்கத்தில் கோலை ஊன்றிப் பார்த்தார். பாய்லருக்குப் பக்கத்தில் ஊன்றிப் பார்த்தார். மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு டீ குடித்தார். பிறகு, 'மனுதாரர் குறிப்பிடும் நீர்நிலையில் தற்சமயம் ஆழம் போதாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நகல் ரத்தினவேலுக்கும் போயிற்று.

இதற்குப் பிறகு தாலுகா ஆபீசில் நடந்ததுதான் விசேஷம்.

வியாழக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மோகனப்ரியா கம்ப்யூட்டரைத் திறந்தாள். பழைய ஷீட்டை எடுத்து, 'இது எவரெஸ்ட் கணக்கு' என்று பட்டியலில் தொட்டு, செயற்கைக்கோள் கணக்குக்கு மாற்றினாள். நீலம் ஒரு குலுங்கு குலுங்கி, வடமேற்கே நகர்ந்து, கரைக்குள் போய் அடங்கி உட்கார்ந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் ரத்தினவேல் வந்தார். கதவைச் சாத்தினார். மீன்துறைக் கடிதத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. சென்னையில் இருக்கும் மைத்துனரிடம் போனில் கேட்டு, எதைத் தொட்டு எதை அமுக்க வேண்டும் என்று ஒரு தீப்பெட்டி அட்டையில் எழுதி வைத்திருந்தார். நீலத்தைப் பார்த்தாலே ரத்தக் கொதிப்பு ஏறுவதால் அது எங்கே கிடக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. எவரெஸ்ட்டிலிருந்து செயற்கைக்கோளுக்கு என்று அமுக்கினார், மூடினார், யாரிடமும் சொல்லவில்லை. ஏற்கெனவே சரியான இடத்துக்கு வந்துவிட்ட கண்மாய் இன்னொரு இருநூற்று முப்பது மீட்டர் வடமேற்கே நடந்து மேட்டுத்தெருவுக்குள் புகுந்தது. ஒரு பிழையை ஒருவர் திருத்தினால் அது திருத்தம். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் திருத்தினால் அது நிர்வாகம்.

கண்மாய் இப்படிப் போவதும் வருவதுமாக இருந்தாலும், நோட்டீஸ் மட்டும் போன இடத்திலேயே இருந்தது. நோட்டீசை ரத்து செய்ய வேண்டுமென்றால் 'தவறு நேர்ந்துவிட்டது' என்று ரத்தினவேல் தன் கையால் எழுத வேண்டும். இருபத்தாறு வருஷ சர்வீசில் அவர் எழுதாத ஒரே வாக்கியம் அது. அதை எழுதுவதைவிட இடிப்பது சுலபமாகப் பட்டது. பதினைந்தாம் நாள் காலை பத்து மணிக்கு ஜீப், ஜேசிபி, இரண்டு பெண் போலீஸ், போட்டோ எடுக்கக் கையில் டேப்லெட்டோடு மோகனப்ரியா என்று எல்லோரும் வந்து இறங்கினார்கள்.

செல்வராணி பாய்லரை அணைக்கவில்லை. பதினோரு வீட்டுக்காரர்களும் ரோட்டோரம் நின்றார்கள்.

"சார், இடிக்கிறதுக்கு முன்னால ஒருக்க மேப்பக் காட்டுங்க."

"பாத்ததுதானம்மா. நகரு."

"அது அன்னைக்கிப் பாத்தது. இன்னைக்கி மேப்பக் காட்டுங்க."

இன்றைய மேப்பில் கடை வெளியே இருக்கும் என்று ரத்தினவேலுக்குத் தெரியும். அவரே தள்ளியதுதானே. "அதெல்லாம் தேவையில்ல. தம்பி, நீ வண்டிய எடு" என்றார்.

மோகனப்ரியா அவர் முகத்தைப் பார்த்தாள். செல்வராணி முகத்தைப் பார்த்தாள். கேட்காமலே டேப்லெட்டைத் திறந்துவிட்டாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கொண்டுபோய் விட்ட இடத்தில் கண்மாயைக் காணோம்.

"சார்..."

"மூடு அத."

"சார், கம்மாய் ஒங்க வீட்டுல இருக்கு."

மீன் பெட்டியோடு நின்ற ரிஃபாய்தான் கேட்டான்: "கீழ்வீட்டுல மட்டுமா, மாடி வரைக்குமா?"

செல்வராணி டேப்லெட்டை வாங்கி ஊர் முழுக்கப் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள். புதுப் பெயின்ட் அடித்த மாடி வீடு, தண்ணீர்த் தொட்டி, வாசலில் நிற்கும் ஸ்கூட்டர், எல்லாம் நீலத்துக்குள் கிடந்தன.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு சார்தான் சொன்னாரு. தம்பி, வண்டியத் திருப்பு. மேட்டுத்தெருவுக்கு விடு."

ஜேசிபிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "சார், எங்கிட்டுப் போகட்டும்? இங்கிட்டா, அங்கிட்டா? எனக்கு மணிக்கணக்குல வாடக ஓடுது."

ரத்தினவேல் ஓடிப்போய் ஜேசிபியைக் கை நீட்டி மறித்தார். "மேப்புல ஏதோ தப்பு இருக்கு" என்றார்.

"என்ன தப்புன்னு நான் சொல்றேன்" என்று மோகனப்ரியா முன்னால் வந்தாள். "முதல்ல இருந்தது கம்பெனி செஞ்ச தப்பு. போன வியாழக்கெழம நான்தான் அதச் சரியா மாத்தி வச்சேன். ஒருக்க மாத்துனா சரி. ரெண்டாவது தடவ மாத்துனது யாரு சார்?"

ரத்தினவேல் ஜீப்பின் டயரை உற்றுப் பார்த்தார். அவர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மோகனப்ரியா அங்கேயே இரண்டாவது மாற்றத்தை நீக்கினாள். கரைமேல் ஏறிப் போய், மடைக்கல்லின் மேல் டேப்லெட்டை வைத்து, அது காட்டிய எண்ணை உரக்க வாசித்தாள். மேப்பில் மடை இருந்த இடத்தையும் வாசித்தாள். இரண்டுக்கும் மூன்று மீட்டர்தான் வித்தியாசம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரத் துரை வைத்த கணக்கும், வானத்தில் சுற்றும் கணக்கும் கொழிஞ்சியேந்தல் மடையில் வந்து கை குலுக்கிக்கொண்டன. கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடியவர்கள் கை தட்டினார்கள்.

"ஒப்புதலான ஃபைல்ல கை வச்சிருக்க. ஒன் வேல போயிரும், தெரியுமா?" என்றார் ரத்தினவேல், பல்லைக் கடித்துக்கொண்டு.

"போகட்டும் சார். நீங்களும் வச்சீங்கள்ல? சேந்தே போவோம்."

ரத்தினவேல் ஜீப்பில் ஒரு காலை வைத்தார். "சரி, இன்னைக்கி நிறுத்தி வைக்கிறேன். திங்கக்கெழம பாத்துக்கலாம்."

"திங்கக்கெழம வரைக்கும் கம்மாய் எந்தப் பக்கம் நடக்குமோ யாரு கண்டா? இப்பவே எழுதிக் குடுங்க" என்றாள் செல்வராணி.

"ரோட்டுல வச்செல்லாம் எழுத முடியாது."

முடியாது என்ற சொல் அவள் காதில் விழவில்லை. கடைக்குள் போனாள். சின்ன கேஸ் அடுப்பு, பால் சட்டி, டம்ளர் கூடை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்து, ஜேசிபியின் பக்கெட்டுக்குள் இறக்கி வைத்தாள். தானும் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். பெண் போலீஸ் இருவரும் அவளை இறக்க வந்தார்கள். அப்போது பக்கெட் தானாகப் பன்னிரண்டு அடி மேலே போய்விட்டது. கை தெரியாமல் பட்டுவிட்டதாக ஜேசிபிக்காரர் இன்றுவரை சத்தியம் செய்கிறார். பட்ட கையை மதியம் வரை எடுக்கவில்லை.

மேலேயிருந்து டீ வாசனை வந்தது. கயிற்றில் கட்டிய டம்ளர் கூடை கீழே இறங்கியது. முதல் டம்ளர் ஜேசிபிக்காரருக்கு, அடுத்த இரண்டும் போலீசுக்கு. காலிக் கூடை ரத்தினவேலின் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

அவர் மிதவைச் சட்டைகளைத் தள்ளிவிட்டு வள்ளத்தில் உட்கார்ந்தார். ஒரு தாளை எடுத்தார். எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கூடையில் வைத்தார். கூடை மேலே போனது. செல்வராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"இது என் கடைக்கு மட்டும் இருக்கு சார்."

"வேற என்ன வேணும்?"

"மத்த பதினோரு வீடு?"

அதுவரை கீழே சும்மா நின்ற பதினோரு வீட்டுக்காரர்களும் ஜேசிபியைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். ரத்தினவேல் பதினோரு தாள் எழுதினார். ஒவ்வொன்றாக மேலே போயிற்று. அவள் ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்து, பெயரைக் கூப்பிட்டு, மடித்துக் கீழே போட்டாள்.

"முடிஞ்சுதா?" என்றார் அவர், கையை உதறிக்கொண்டு.

"மோகனப்ரியா செஞ்ச திருத்தந்தான் சரி, அது மேல எந்த நடவடிக்கையும் கெடயாதுன்னு ஒண்ணு."

"அது எப்படிம்மா, அவ அனுமதி இல்லாம..."

பக்கெட் இன்னும் ஓர் அடி மேலே போனது. அதையும் எழுதினார். கூடை போய், வெகுநேரம் கழித்து, அதே தாளோடு திரும்பி வந்தது.

"சார், 'எரநூத்தி முப்பது மீட்டர் தள்ளி விழுந்தது'ன்னு போட்டிருக்கீங்க. எந்தப் பக்கம் தள்ளின்னு போடல. தெச போடாம விட்டா நாளைக்கி இன்னொருத்தர் வந்து இதயும் நகத்துவாரு. தென்கெழக்குன்னு போட்டு வேற எழுதுங்க. அவசரமில்ல. பால் இன்னும் ரெண்டு படி இருக்கு."

ரத்தினவேல் அண்ணாந்து பார்த்தார். பிறகு, பதினான்காவது தாளை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.